ரொட்டி காய்க்கும் மரம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள தொழிற்பேட்டைகளில் வேலை பார்ப்பவர்கள் பல ஊர்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் ஒரு கன்னியாகுமரி மாவட்டக்காரரிடம் போய், "உங்கள் ஊரில் பலா உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தச் சக்கையைக் கேட்கிறீர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்கக்கூடும். சுளை தின்னும் சக்கை ஒன்று. அயினிச் சக்கை ஒன்று. சுளையும் இல்லாமல் கொட்டையும் இல்லாமல் கறிக்கு மட்டுமே ஆகும் சீமைச் சக்கை மற்றொன்று.

இந்த மூன்றாவது சக்கைதான் நம் கட்டுரையின் நாயகன். தமிழ்நாட்டில் இதைச் சீமைப்பலா, கறிப்பலா, ரொட்டிப்பலா என்று பலவாறு சொல்வார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு இது ஈரப்பலா. கேரளத்தில் கடச்சக்கை, சீமச்சக்கை. கடல் கடந்து வந்த சக்கை என்பதே கடச்சக்கை ஆயிற்று என்பர். சிங்களத்தில் இதன் பெயர் 'ரட தெல்'. 'தெல்' என்பது இலங்கைக் காடுகளுக்கே உரிய ஒரு பலா இனம். 'ரட' என்றால் வெளிநாட்டு என்று பொருள். சீமை, கடல், வெளிநாடு என்று எல்லாப் பெயர்களும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: இது நம் மண்ணில் தோன்றிய மரம் அன்று.

அப்படியானால் எங்கிருந்து வந்தது? பறவை விதையைக் கொண்டு வந்ததா, கடல் நீரில் மிதந்து வந்ததா? இரண்டும் இல்லை. இதற்குத்தான் விதையே கிடையாதே! விதையில்லாத மரம் எப்படி உலகைச் சுற்றி வந்தது என்பதில் தாவர இயலும் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. ஒரு கப்பற் கலகமும் இருக்கிறது.

பலாவின் உடன்பிறப்பு

ஈரப்பலாவின் அறிவியற் பெயர் ஆர்ட்டோகார்ப்பஸ் ஆல்டிலிஸ். கிரேக்க மொழியில் 'ஆர்ட்டோஸ்' என்றால் ரொட்டி. 'கார்ப்போஸ்' என்றால் கனி. நாம் நன்கறிந்த பலாவும் அயினியும் இதே ஆர்ட்டோகார்ப்பஸ் பேரினத்தைச் சேர்ந்தவைதாம். ஆல், அரசு, அத்தி, முசுக்கொட்டை ஆகியவை சற்றுத் தூரத்து உறவினர்கள். எல்லாம் மோரேசி என்னும் ஒரே குடும்பம். இவற்றுள் எதைக் கீறினாலும் வெண்பால் வடிவதைக் காணலாம்.

பலாவையும் ஈரப்பலாவையும் இனம் பிரித்தறிவது எளிது. பலா இலை சிறியது, முழுமையானது. ஈரப்பலா இலை இரண்டு முழ நீளம்கூட வளரும். விரல் விரித்த கைபோல ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். பலா, அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் காய்க்கும். ஈரப்பலாவோ கிளை நுனியில் காய்க்கும். காய் உருண்டையாகவோ நீள்உருண்டையாகவோ இருக்கும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று கிலோ எடை. மரம் 15 மீட்டர், சில இடங்களில் 20 மீட்டருக்கு மேலும் உயரும்.

காயின் தோலை உற்றுப் பார்த்தால் ஐந்து, ஆறு பக்கங்கள் கொண்ட சிறு கட்டங்கள் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு பூ! ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண் பூக்கள் நடுவிலுள்ள ஒரு தண்டைச் சுற்றி நெருங்கி அமர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து, ஒரே காயாகின்றன. பலாப்பழமும் இப்படிப்பட்ட கூட்டுக்கனிதான். ஆனால் பலாவில், கருவுற்ற ஒவ்வொரு பூவும் தனித்தனிச் சுளையாகிறது. கருவுறாத பூக்கள் சடையாகி விடுகின்றன. ஈரப்பலாவில் எந்தப் பூவும் கருவுற வேண்டியதில்லை. எல்லாப் பூக்களின் இதழ்ப்பகுதியும் ஒன்றாகச் சதைப்பற்றாகிவிடுகிறது. ஆகவே சுளை இல்லை, கொட்டை இல்லை, முழுவதும் சதை.

ஆண் பூக்கள் அதே மரத்தில் தனியாக, கதாயுதம்போல நீண்டு தொங்கும். இவை உலர்ந்ததும் கொளுத்திக் கொசுவை ஓட்டுவது பசிபிக் தீவு மக்களின் வழக்கம். இது வெறும் நம்பிக்கையா என்று ஆய்ந்த அறிவியலார், அப்பூக்களில் கேப்ரிக், அண்டெக்கனாயிக், லாரிக் என்னும் கொழுப்பு அமிலங்கள் கொசுவை விரட்டுவதை 2012-இல் கண்டறிந்தனர்.

விதை ஏன் இல்லை?

உயிரணுக்களில் குரோமோசோம்கள் இருப்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். பலா மரத்தின் உயிரணுவில் 56 குரோமோசோம்கள் உள்ளன. அதாவது 28 கொண்ட தொகுதிகள் இரண்டு: ஒன்று தாய் வழி, மற்றொன்று தந்தை வழி. மகரந்தமோ சூல் முட்டையோ உருவாகும்போது இவை இரண்டிரண்டாகச் சேர்ந்து பின் பிரிந்து, பக்கத்துக்கு 28 ஆகப் போகும்.

விதையில்லா ஈரப்பலாவிலோ 84 குரோமோசோம்கள். அதாவது மூன்று தொகுதிகள். மூன்று பேர் இருக்கும்போது கைகோத்து இணை சேரச் சொன்னால் என்ன ஆகும்? ஒருவர் தனியே நிற்பார். அதே குழப்பம்தான் இங்கும். குரோமோசோம்கள் சரிசமமாகப் பிரிய முடிவதில்லை, நல்ல மகரந்தம் உண்டாவதில்லை, விதையும் இல்லை. நாம் தின்னும் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் இதுவே காரணம்.

இதன் முன்னோர் யார்? நியூகினியில் காட்டு மரமாக வளரும் ஆர்ட்டோகார்ப்பஸ் கமான்சி என்பதே முதன்மையான முன்னோர். அதன் காய் முழுக்க விதைகள். அவற்றை வேகவைத்தும் சுட்டும் தின்பார்கள். நைரீ செரேகா என்னும் தாவர இயலாரும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2004-இல் வெளியிட்ட மரபியல் ஆய்வு இந்த உறவை உறுதிப்படுத்தியது. மைக்ரோனீசியத் தீவுகளில் வேறொரு காட்டு இனமும் இதனுடன் கலந்திருக்கிறது.

பல தலைமுறைகளாகப் பசிபிக் கடலோடிகள் விதை குறைந்த, சதை மிகுந்த மரங்களையே தேர்ந்தெடுத்தனர். அவற்றின் வேர்க்கன்றுகளைப் படகில் ஏற்றித் தீவு தீவாகக் கொண்டு சென்றனர். ஈரப்பலாவின் வேர் தரைக்கு அருகில் ஓடும். அதில் காயம் பட்டால் அந்த இடத்தில் புதுத் தளிர் கிளம்பும். அதை வேருடன் பிரித்து நட்டால் ஒரு புது மரம். இன்றும் கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் இப்படித்தான் கன்று எடுக்கிறார்கள். சில ஆண்டுகளில் அது காய்க்கத் தொடங்கும்.

ஆக, இது மனிதர் கைபட்டால் மட்டுமே ஊர்விட்டு ஊர் போகும் மரம். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கதைக்கு அதுவே திறவுகோல்.

ஆயிரம் தொட்டிகளும் ஒரு கலகமும்

1686-இல் குவாம் தீவை அடைந்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் இக்காயை உண்டு பார்த்தார். 1697-இல் வெளியான அவருடைய பயண நூல் வழியாக ஐரோப்பியர் இதைப் பற்றி அறிந்தனர். 1769-இல் கேப்டன் குக்குடன் தஹிதி தீவுக்குப் போன தாவர இயலார் ஜோசப் பேங்க்ஸ், அங்குள்ளவர்களுக்கு இது எவ்வளவு எளிதாக உணவு தருகிறது என்று கண்டு வியந்தார்.

அதே காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளில் ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் அங்கே உழைத்தனர். அமெரிக்க விடுதலைப் போரினால் வட அமெரிக்கத் தானியம் வருவது தடைப்பட்டது. புயல்களும் தாக்கின. அடிமைகள் பட்டினியால் மாண்டனர். தோட்ட முதலாளிகளுக்கு ஒரு மலிவான உணவு தேவைப்பட்டது. "தஹிதி மரத்தைக் கொண்டுவாருங்கள்" என்று அவர்கள் வேண்டினர்.

1787 டிசம்பரில் 'பௌண்டி' என்னும் கப்பல் வில்லியம் பிளை தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. விதை இருந்திருந்தால் ஒரு சாக்கு மூட்டை போதும். விதை இல்லாததால் உயிருள்ள கன்றுகளையே கொண்டுவர வேண்டியிருந்தது. கப்பலின் பெரிய அறை தொட்டிகள் வைக்கும் கண்ணாடிக் கூடம்போல மாற்றப்பட்டது. கன்றுகள் தொட்டியில் நன்றாக வேர் பிடிக்கும் வரை, ஐந்து மாதங்களுக்கு மேல், கப்பல் தஹிதியிலேயே தங்கியது. மாலுமிகள் தீவு வாழ்க்கைக்குப் பழகிவிட்டனர். 1789 ஏப்ரலில் 1,015 கன்றுகளுடன் கப்பல் கிளம்பியபோது பலருக்கும் மனமில்லை. நெருக்கடியான இடம், தலைவரின் கடுமை, நன்னீரில் செடிகளுக்கும் பங்கு எனக் குறைகள் பல.

1789 ஏப்ரல் 28 அன்று கலகம் வெடித்தது. கலகக்காரர்கள் பிளையையும் அவருடன் 18 பேரையும் ஒரு திறந்த படகில் ஏற்றி நடுக்கடலில் விட்டனர். கன்றுகளைக் கடலில் எறிந்தனர். பிளை 47 நாட்களில் 6,000 கிலோமீட்டருக்கு மேல் படகோட்டித் திமோர் தீவை அடைந்தார். கன்றுகளைக் கண்ணுங் கருத்துமாக வளர்த்த தோட்டக்காரர் டேவிட் நெல்சனும் அப்படகில் இருந்தார். கரை சேர்ந்த சில வாரங்களில் அவர் காய்ச்சலால் இறந்தார்.

பிளை விடவில்லை. 1791-இல் மீண்டும் புறப்பட்டார். 1793-இல் செயின்ட் வின்சென்ட், ஜமைக்கா ஆகிய தீவுகளில் கன்றுகளைக் கொண்டு சேர்த்தார். ஆனால் யாருக்காக இத்தனை பாடு பட்டார்களோ அவர்கள் இதை விரும்பி உண்ணவில்லை. அவர்களுக்குப் பழக்கமான உணவு வாழைக்காயும் வள்ளிக்கிழங்கு வகைகளும்தாம். பல ஆண்டுகள் இது பன்றிக்குத்தான் தீனியாயிற்று. விரும்பிய உணவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் மனிதனுக்கு ஒரு பசியே அல்லவா? அடிமை முறை 1830-களில் ஒழிந்தது. பின்னர் மெல்ல மெல்ல இது மக்களின் அன்றாட உணவாயிற்று. இன்று செயின்ட் வின்சென்டின் தேசிய உணவே தணலில் சுட்ட ஈரப்பலாவும் வறுத்த மீனும்தான்!

காய்க்குள் என்ன இருக்கிறது?

100 கிராம் பச்சைக் காயில் ஏறத்தாழ 70 கிராம் தண்ணீர். மாவுச்சத்து உள்ளிட்ட கார்போஹைட்ரேட்டு 27 கிராம். அதில் நார்ச்சத்து மட்டும் 5 கிராம். புரதம் ஒரு கிராம்தான். கொழுப்பு அதிலும் குறைவு. வைட்டமின் சி 29 மில்லிகிராம். பொட்டாசியம் 490 மில்லிகிராம். இது வாழைப்பழத்தில் உள்ளதைவிட அதிகம். கிடைக்கும் ஆற்றல் 103 கலோரி.

100 கிராம் அரிசி தரும் ஆற்றல் ஏறத்தாழ 350 கலோரி. அப்படியானால் ஈரப்பலா மட்டமா? அரிசி உலர்ந்த தானியம். இதுவோ நீர் நிறைந்த காய். 340 கிராம் ஈரப்பலாவை உண்டால் 100 கிராம் அரிசியின் ஆற்றல் கிடைத்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். நன்கு வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்கு 200 காய் காய்ப்பதாகவும், ஒரு காய் ஒன்றரைக் கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 கிலோ. தோலும் நடுத்தண்டும் காற்பங்கு போனால் மிச்சம் 225 கிலோ. கிலோவுக்கு 1,030 கலோரி வீதம் 2,31,750 கலோரி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவை என்றால், இது அவருக்கு 115 நாட்களுக்குக் காணும். ஆண்டுதோறும் உழாமல், விதைக்காமல், நாற்று நடாமல் ஒரே மரத்திலிருந்து!

ஆனால் இதை மட்டுமே உண்டு வாழ முடியாது. புரதம் மிகக் குறைவு என்று பார்த்தோமே. அதற்கு மேற்கிந்தியத் தீவுக்காரர் மீன் சேர்த்துக் கொள்கிறார். நாம் பருப்பு சேர்த்துக் கொள்ளலாம்.

சமையலறையில் வேதியியல்

காயைப் பறித்ததும் காம்பிலிருந்து பால் வடியும். காம்பு கீழ்ப்பக்கம் இருக்குமாறு சிறிது நேரம் கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாது. ரப்பர்த் தன்மையுள்ள அப்பால் நீரில் கரையாது, எண்ணெயில் இளகும். நறுக்கிய துண்டுகளை உடனே தண்ணீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் வாழைக்காய், கத்தரிக்காய்போலக் கறுத்துப் போகும். காயிலுள்ள பீனால் பொருள்களை ஒரு நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்த்து வைப்பதே இதற்குக் காரணம். தண்ணீருக்குள் இருந்தால் காற்று எளிதில் எட்டாது.

கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் இதைத் தேங்காய் வறுத்தரைத்துத் தீயலாகவும், மசாலாக் கறியாகவும் வைப்பார்கள். இலங்கையில் தேங்காய்ப்பால் விட்ட ஈரப்பலாக் கறியும், எண்ணெயில் பொரித்த மெல்லிய சீவலும் பெயர் பெற்றவை. வெறுமனே அவித்துத் தேங்காய்த் துருவலுடனும் சம்பலுடனும் காலை உணவாக உண்பதும் உண்டு. கொங்கணக் கரையில் துண்டுகளில் மிளகாய்த்தூள் தடவி, ரவையில் புரட்டித் தோசைக்கல்லில் பொரிப்பார்கள்.

ரொட்டி என்ற பெயர் எப்படி வந்தது? முற்றிய காயை முழுதாகத் தணலில் சுட்டுப் பாருங்கள். உள்ளிருக்கும் நீரே ஆவியாகி மாவுச்சத்தை வேகவைக்கிறது. மாவுத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி மென்மையாகின்றன. வெளித்தோல் கரியாகும், உள்ளே வெண்மையான, ரொட்டி மணமுள்ள சதை. அடுப்பில் சுடும் ரொட்டியிலும் இதே மாற்றம்தான் நடக்கிறது. காயை உலர்த்தி அரைத்து மாவாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் கோதுமையிலுள்ள குளூட்டன் புரதம் இல்லை. எனவே அம்மாவு தனியே கோதுமை ரொட்டிபோல உப்பி எழாது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோயாளிகளுக்கு இதுவே ஒரு நன்மை.

இம்மரத்தில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. பெரும்பாலான காய்கள் ஆண்டின் சில மாதங்களுக்குள் வந்து குவியும். பறித்த சில நாட்களில் பழுத்துக் குழைந்துவிடும். பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அப்புறம் அது கறிக்கு ஆகாது. இனிப்புப் பண்டத்துக்கே ஆகும். மீதி நாட்களுக்கு என்ன செய்வது?

பசிபிக் தீவு மக்கள் அழகான வழி ஒன்று கண்டனர். தரையில் குழி வெட்டி, இலைகளைப் பரப்பி, தோல் சீவிய காய்களை நிரப்பி, மேலும் இலையிட்டுக் கல் வைத்து மூடினர். காற்றுப் புகாத அக்குழியில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகும். அவை உண்டாக்கும் அமிலம் அழுகச் செய்யும் பிற நுண்ணுயிர்களை வளரவிடாது. புளித்த இந்த மாவு ஓராண்டுக்கு மேலும் கெடாது. சமோவாவில் இதன் பெயர் 'மாசி'. புயல் அடித்துத் தோட்டம் அழிந்தாலும் குழிக்குள் சோறு இருக்கும். நம் வீட்டில் இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் இந்த இனப் பாக்டீரியாக்களே!

நம் ஊரில் வளருமா?

ஈரப்பலாவுக்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்து வேண்டும். 21 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம், 1,500 மில்லிமீட்டருக்கு மேல் ஆண்டு முழுதும் பரவிய மழை, நீர் தேங்காத மண் இவை இருந்தால் செழிக்கும். குளிர் தாங்காது. அதனால்தான் தமிழ்நாட்டில் கன்னியாகுமரி, குற்றாலம், நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு, பர்லியாறு போன்ற இடங்களில் இதைக் காண்கிறோம். பர்லியாற்றில் 1871 முதல் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக் காற்றின்போது சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அனல் காற்றும் வீசும். வீட்டுக் கொல்லையில், நிழலும் தொடர்ந்து தண்ணீரும் கொடுத்து ஒரு மரத்தை வளர்த்துப் பார்க்கலாம். ஆனால் ஏரித் தண்ணீருக்கு ஊரும் வயலும் ஆலையும் போட்டியிடும் இடத்தில், தோப்புத் தோப்பாக இதை வளர்ப்பது அறிவுடைமை ஆகாது.

அதற்காக ஏங்கவும் வேண்டாம். இம்மண்ணுக்கென்றே மாவுச்சத்துத் தரும் ஒரு மரம் ஏரிக்கரைகளில் நிற்கிறது. அதுதான் பனை. மழை குறைந்தாலும் தாங்கும். பனங்கொட்டையைப் புதைத்தால் பனங்கிழங்கு தரும். ஈரப்பலாவைத் தேடிக் கண்டுபிடித்த தீவு மக்களைப்போல நம் முன்னோர் கண்டுகொண்ட மரம் அது.

உலக அளவில் ஈரப்பலாவுக்கு எதிர்காலம் உண்டு. புவி வெப்பமடைவதால் அரிசி, கோதுமை விளைச்சல் பல இடங்களில் குறையக்கூடும். ஆனால் ஈரப்பலா வளரும் நிலப்பரப்பு வரும் பத்தாண்டுகளில் பெரிதாகப் பாதிக்கப்படாது என்று அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் கணித்தனர். அதே சமயம் ஒரு எச்சரிக்கையும் தேவை. ஒரே மரத்தின் வேரிலிருந்து வந்த கன்றுகள் எல்லாம் ஒரே அச்சு. ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிருக்கு நேர்ந்த கதி இதுதான். ஆகவேதான் ஹவாயிலுள்ள மாவி தீவின் கஹானு தோட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈரப்பலா வகைகளைச் சேர்த்து வளர்த்து வருகிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஈரப்பலா கிடைக்காவிட்டால் வாழையைக் கொண்டே ஒரு சோதனை செய்யலாம். வாழைக்காய்த் துண்டு ஒன்று, நன்கு கனிந்த பழத் துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் மீதும் நீர்த்த அயோடின் கரைசலை ஒரு துளி விடுங்கள். காய் கருநீலமாகும், பழத்தில் நிறம் மிகவும் மங்கலாகவே இருக்கும். காயில் இருந்த மாவுச்சத்து பழத்தில் எங்கே போயிற்று? சுவையைக் கொண்டே விடை சொல்லிவிடலாம். ஆனால் அயோடின் பட்ட துண்டைச் சுவைக்கக் கூடாது. வேறு பழத்தைத் தின்று பாருங்கள்.

பிறகு ஊருக்குப் போய்வரும் கன்னியாகுமரிக்காரர் யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால், வரும்போது ஒரு சீமைச் சக்கை கொண்டுவரச் சொல்லுங்கள். அதை நறுக்கும்முன் தோலிலுள்ள கட்டங்களை எண்ணிப் பார்க்க மறவாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு பூ!